"மருந்து சூடு" என்றால் என்ன? வார்டில் மருந்தின் பாதக விளைவைக் கண்காணிக்கும் முறை

"மருந்து சூடுப்பா, அதான் வாயெல்லாம் புண்ணு" என்று ஒரு பாட்டி சொன்னால், வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்துவிட்டு மிஸி (நர்ஸ்) அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பல நாள் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டி இரண்டு வாரத்துக்கு முன்தான் வலிப்புக்குக் கார்பமாஸெபின் தொடங்கியவர், கண்ணும் உறுத்துகிறது, நேற்றிலிருந்து காய்ச்சல் என்றால், அந்த வாய்ப்புண், மருந்தால் தோலும் வாய், கண் சவ்வுகளும் உரிந்துபோகும் ஆபத்தான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் நம் ஆட்கள் மருந்தால் வரும் தொல்லையைச் சூடு, பித்தம், வாயு, "ஒத்துக்கல" என்ற நாலு சொல்லுக்குள் அடக்கிவிடுவார்கள். அந்த நாலு சொல்லையும் பிரித்துக் கேட்டு, கேட்டதற்கெல்லாம் தேதி போடுவதுதான் கண்காணிப்பில் முக்கால்வாசி வேலை. படிவம் நிரப்புவது மிச்சக் கால்வாசி.

வார்டில் இருக்கும் ஃபார்மசிஸ்ட், மிஸி, ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) மூவருக்குமான குறிப்பு இது. யார் முதலில் பார்க்கிறாரோ அவர் தொடங்கலாம்.

சேர்ந்த அன்றே

மருந்து வரலாற்றை முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். இப்போது சாப்பிடும் மருந்து மட்டும் போதாது, எட்டு வாரம் பின்னால் போக வேண்டும். கடுமையான தோல் விளைவுகளில் சில, மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் நோயாளி அந்த மருந்தை முடித்து, மறந்தும் போயிருப்பார்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும். பனடோல், கண் சொட்டு மருந்து, லேகியம், ஜாமு (மலாய் மூலிகை மருந்து) எதுவும் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூட்டு வலிக்கு என்ன வாங்குவீங்க? சர்க்கரைக்குப் பொடி, வேர் ஏதாவது? சின்சேகிட்ட (சீன நாட்டு வைத்தியர்) போனீங்களா? பசார் மாலாம்ல (இரவுச் சந்தை) வாங்கினது இருக்கா? கிளினிக்ல ஊசி போட்டாங்களா, எப்போ? அதோடு, வீட்டில் இருப்பதை எல்லாம் ஒரு பையில் போட்டு அடுத்த வேளை பார்க்க வரும் மகனையோ மருமகளையோ கொண்டுவரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையில் வராதது பையில் வரும்.

பையைக் கொட்டியதும் பெட்டிகளில் 'எம்.ஏ.எல்.' எண்ணைத் தேடுங்கள். மலேசியாவில் பதிவான பொருளுக்கு அந்த எண் இருக்கும். எண்ணின் கடைசியில் வரும் எழுத்து வகையைச் சொல்லும்: 'ஏ' என்றால் கட்டுப்பாட்டு மருந்து, 'எக்ஸ்' என்றால் கடையில் நேரடியாக வாங்கக்கூடியது, 'டி' பாரம்பரிய மருந்து, 'என்' சத்து மாத்திரை வகை. எண்ணே இல்லாத மூட்டுவலி மாத்திரை "சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துடுச்சு" என்றால் உஷாராக வேண்டும். பதிவில்லாத இத்தகைய பொருட்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். இதில் வார்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார், அந்தப் போத்தல் வீட்டிலேயே இருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு திடீரென்று நின்றுபோவதால் இரண்டு மூன்று நாளில் இரத்த அழுத்தம் இறங்கும், சோடியம் குறையும், சர்க்கரை தாழும். வார்டில் கொடுத்த மருந்துகளில் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அகப்படாது. நின்றுபோன மருந்தையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பிறகு ஒவ்வாமை. "பெனிசிலின் அலர்ஜி" என்று சார்ட்டின் மேல் சிவப்பு மையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. எந்த மருந்து, என்ன ஆயிற்று, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், அதற்கு என்ன வைத்தியம் செய்தார்கள், பிறகு அதே வகை மருந்தை எப்போதாவது சாப்பிட்டதுண்டா என்று ஐந்து கேள்வி கேளுங்கள். வயிற்றுப்போக்கு மட்டும் வந்திருந்தால் அது ஒவ்வாமை அல்ல. பெனிசிலின் ஒவ்வாமை என்று சொல்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சோதித்துப் பார்த்தால் அதைத் தாங்கிக்கொள்வார்கள். நம் ஊரில் இந்தப் பட்டத்தைப் பலருக்கும் கட்டிவிடுவதில் டெங்கிக்கும் பங்கு உண்டு. மூன்றாம் நாள் காய்ச்சலுக்குக் கிளினிக்கில் அமாக்சிசிலின் கொடுப்பார்கள். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கும்போது டெங்கியின் சிவப்புத் தடிப்பு கிளம்பும், நடுவில் வெள்ளைத் திட்டுகளோடு. பழி மாத்திரை மேல் விழும், ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காய்ச்சலுக்கு டெங்கி இரத்தப் பரிசோதனை செய்தார்களா, தட்டணுக்கள் குறைந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

எதை, எப்போது பார்ப்பது

எல்லா நோயாளியையும் ஒரே கண்ணால் பார்க்க நேரம் போதாது. 65 வயதைத் தாண்டியவர், சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்தவர், ஐந்தாறு மருந்துக்கு மேல் போகிறவர், முன்பே ஒரு மருந்தால் அவதிப்பட்டவர் ஆகியோரைத் தினமும் பாருங்கள். ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறை) மலேசியாவில் பிறந்த உடனேயே சோதிக்கப்படுவது. ஆனாலும் பெரியவர்களுக்குத் தங்களுக்கு அது இருப்பது நினைவிருக்காது. டாப்சோன், பிரைமாகுவின் எழுதும் முன் கேளுங்கள்.

சில மருந்துகளுக்கு நாளைக் குறித்து வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். ஹெப்பரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள் தட்டணுக்கள் பாதியாகக் குறைகிறதா என்று பாருங்கள். நோயாளிக்கு டெங்கியும் இருந்தால் இந்தக் கணக்கு குழம்பும், அதனால் தொடங்கும் முன் இருந்த எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும். ஜென்டமைசினுக்குக் கிரியாட்டினின், ஆம்ஃபோடெரிசின்-பிக்குப் பொட்டாசியமும் மெக்னீசியமும், இரண்டு வாரத்துக்கு மேல் போகும் லினெசோலிடுக்கு வாராவாரம் இரத்த அணு எண்ணிக்கை. காசநோய் மருந்தில் ஏ.எல்.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) அறிகுறியோடு இயல்பின் 3 மடங்கைத் தாண்டினாலும், அறிகுறியே இல்லாமல் 5 மடங்கைத் தாண்டினாலும் நிறுத்த வேண்டிய கட்டம். அந்த அறிகுறியை நம் நோயாளி எப்படிச் சொல்வார்? "பித்தமா இருக்கு மிஸி, சாப்பாட்டைப் பார்த்தாலே கொமட்டுது." காசநோய் மருந்தில் இருப்பவர் வாயில் பித்தம் என்ற சொல் வந்தால் அன்றே கல்லீரல் பரிசோதனைக்கு இரத்தம் எடுங்கள். டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுபவர் அதே சொல்லைச் சொன்னால் இ.சி.ஜி., பொட்டாசியம், டிகாக்சின் அளவு.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ஏற்றும்போது கழுத்தும் முகமும் சிவந்து அரித்தால் பலர் உடனே "அலர்ஜி" என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வேகத்தால் வருவது. நிமிடத்துக்கு 10 மி.கி.யைத் தாண்டக்கூடாது. அதாவது 1 கிராம் ஏறி முடிய 100 நிமிடமாவது ஆக வேண்டும். நிறுத்தி, அடங்கியதும் வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றலாம். ஆனால் மூச்சுத் திணறலோ இரத்த அழுத்த வீழ்ச்சியோ இருந்தால் கதை வேறு. "அலர்ஜி" என்று எழுதிவிட்டால் பிறகு உயிர் காக்க வேண்டிய நாளில் அந்த மருந்து கிடைக்காமல் போகும்.

மருந்து சார்ட்டே துப்புக் கொடுக்கும்

நோயாளி வாயைத் திறக்காத நாளிலும் சார்ட் பேசும். காலையில் சார்ட்டைப் புரட்டும்போது, ஒரு பாதிப்பை முறிக்கவோ தணிக்கவோ தரப்படும் சில மருந்துகள் புதிதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்: நாலாக்சோன், வைட்டமின் கே, 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ளூமாசெனில், திடீரென ஒரே ஒரு வேளை ஹைட்ரோகார்ட்டிசோனும் (ஸ்டீராய்டு) பிரிட்டோனும் (அலர்ஜி மருந்து). இவை ஏன் எழுதப்பட்டன என்று பின்னால் போனால் பெரும்பாலும் ஒரு பாதக விளைவில் போய் நிற்கும். ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் நேரத்தின் அளவு) 6-ஐத் தாண்டியது, சர்க்கரை லிட்டருக்கு 2.8 மில்லிமோலுக்குக் கீழே போனது, கிரியாட்டினின் இரட்டித்தது, காரணம் எழுதாமல் ஒரு மருந்து கோடு போட்டு அடிக்கப்பட்டது எல்லாமே இதே வகைத் துப்புதான். பத்து நிமிட வேலை.

மெதுவாக நடப்பது கண்ணில் படாது. ஆம்லோடிபினால் கால் வீங்கும், வீக்கத்துக்கு ஃப்ரூசமைடு எழுதுவார்கள், அதனால் பொட்டாசியம் இறங்கும், அதற்குப் பொட்டாசியம் மாத்திரை எழுதுவார்கள். பெரிண்டோப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்தால் வந்த வறட்டு இருமலுக்கு மூன்று மாதம் இருமல் மருந்து குடித்தவர்கள் நிறையப் பேர். ஒரு மருந்து எதற்கு என்று கேட்டால் இன்னொரு மருந்தின் பெயர் பதிலாக வருகிறதா, அங்கே நிறுத்தி யோசியுங்கள்.

ஏதோ நடந்துவிட்டது, இப்போது

முதலில் வைத்தியம், எழுத்து வேலை பிறகு. மருந்து கொடுத்துச் சில நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் வீழ்ச்சி, உடம்பெங்கும் தடிப்பு என்றால் அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. பெரியவருக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவையென்றால் 5 நிமிடத்தில் மறுபடி. பிரிட்டோனும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அட்ரினலினுக்கு மாற்று ஆகாது. தடிப்பு மட்டும் அடங்கிவிட்டது என்று நிம்மதி அடைவது இங்கே நடக்கும் பெரிய தவறு. நிலைமை கைக்குள் வந்ததும் டிரிப்டேஸ் (அனஃபிலாக்சிஸில் உயரும் நொதி) பார்க்க இரத்தம் எடுங்கள். 1 முதல் 2 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது, 4 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் குறைவு. 24 மணி நேரம் கழித்து ஒப்பிட இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

தோலில் தடிப்பு என்றால் போர்வையை விலக்கிப் பாருங்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நம் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ சாம்பல் கலந்த கறுப்பாகவோ தெரியும். விளக்கைப் போட்டு, விரலால் தடவி மேடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உதட்டின் உட்பக்கம், கண், பிறப்புறுப்பு மூன்றையும் தவறவிடாதீர்கள். நம் அம்மாமார்கள் கடைசியாகச் சொன்ன இடத்தில் புண் இருப்பதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். பெண் மிஸி திரையை இழுத்துவிட்டு, "ஒண்ணுக்குப் போகும்போது எரியுதாம்மா?" என்று கேட்டால் சொல்வார்கள். அரிப்பை விட வலி அதிகமா, கொப்புளம் உண்டா, தொட்டால் தோல் நழுவுகிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் சந்தேகப்படும் மருந்தை உடனே நிறுத்தி, தோல் நிபுணரை அழையுங்கள். இயோசினோஃபில் (ஒவ்வாமையில் கூடும் வெள்ளணு) எண்ணிக்கையோடு இரத்தம், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் அன்றே போகட்டும். படம் எடுப்பதென்றால் ஒப்புதல் வாங்கி, ஆஸ்பத்திரியின் வழியில் எடுங்கள். சொந்தக் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் பழக்கம் வேண்டாம்.

கார்பமாஸெபின் பெயர் முதலிலேயே வந்ததற்குக் காரணம் உண்டு. எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வரும் ஆபத்து மிக அதிகம். தென்கிழக்கு ஆசியாவில், குறிப்பாகச் சீனர், மலாய்க்காரர்களிடம் அது பரவலாக உண்டு. இந்தியர்களிடமும் இல்லாமல் இல்லை. தொடங்கும் முன் சோதித்துவிடுவது நல்லது. யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினாலுக்கு இதேபோல எச்.எல்.ஏ-பி 58:01.

தேதிக் கோடு

ஒரு வெள்ளைத் தாளில் குறுக்கே கோடு போட்டு, மேலே மருந்துகள் தொடங்கிய நாள், நின்ற நாள், கீழே அறிகுறிகள் வந்த நாள் என்று எழுதுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: பட்டர்வொர்த்தைச் சேர்ந்த 58 வயது ஐயா ஒருவர். மார்ச் 24 அன்று வார்டில் சேர்கிறார். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், இயோசினோஃபில் உயர்ந்திருக்கிறது, ஏ.எல்.டி. 240. "முந்தாநேத்து கிளினிக்ல குடுத்த ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கல" என்கிறார். எல்லோரும் அதையே எழுதிவிட்டார்கள்.

கோடு போட்டுப் பார்த்தால்: மார்ச் 1, யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் 300 மி.கி. மார்ச் 20, காய்ச்சல். மார்ச் 22, காய்ச்சலுக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட். மார்ச் 23, தடிப்பு. ஆன்டிபயாட்டிக்குக்கு இரண்டு நாள் முன்பே காய்ச்சல் வந்துவிட்டது. அந்தக் காய்ச்சலே பாதக விளைவின் தொடக்கம். அலோபியூரினாலிலிருந்து அது 19-ஆம் நாள். இது 'டிரெஸ்' எனப்படும் வகை: காய்ச்சல், தடிப்போடு கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளையும் தாக்கும் மருந்து விளைவு, ஒரே நாளில் கிளம்பாது. ஆன்டிபயாட்டிக் மீது பழி போட்டு அலோபியூரினாலைத் தொடர்ந்து கொடுத்திருந்தால் கல்லீரல் போயிருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு எடுத்த எடுப்பில் 300 மி.கி. கொடுப்பதே ஆபத்தைக் கூட்டும். 100 மி.கி.யோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி ஏற்றுவதுதான் முறை.

இதையே, ஒரு விளைவுக்கு மருந்துதான் காரணமா என்று கணிக்க 1981-இல் வந்த நரஞ்சோ மதிப்பெண்ணில் போட்டுப் பாருங்கள். பத்துக் கேள்வி. முன்பே அறியப்பட்ட விளைவு, +1. மருந்துக்குப் பின் வந்தது, +2. பரிசோதனையில் உறுதி, +1. ஐந்தாவது கேள்வி, வேறு காரணம் இருக்க முடியுமா என்பது. ஆன்டிபயாட்டிக்கை நினைத்து "ஆம்" என்றால் −1, மொத்தம் 3, "சாத்தியம் உண்டு" என்ற மட்டத்தில் நின்றுவிடும். தேதிக் கோட்டைக் காட்டி, வைரஸ் கல்லீரல் அழற்சியையும் சோதித்து விலக்கிவிட்டு "இல்லை" என்றால் +2, மொத்தம் 6. பிறகு மருந்தை நிறுத்தியதில் குறைந்தால் 7, "பெரும்பாலும் இதுவே". (5 முதல் 8 வரை அந்த மட்டம். 9-உம் மேலும் உறுதி. 0-உம் கீழும் ஐயம்.) ஒரே நோயாளி, ஒரே மருந்து. எண்ணிக்கையை முக்கியமாக மாற்றியது தேதிக் கோடுதான். மதிப்பெண்ணை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. டிரெஸ் மருந்தை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் நீளும், நடுவில் கூடவும் செய்யும். "நிறுத்தியும் குறையல" என்பதால் மருந்து நிரபராதி ஆகிவிடாது. உறுதிப்படுத்துகிறேன் என்று மறுபடி கொடுத்துப் பார்ப்பது இத்தகைய விளைவுகளில் அறவே கூடாது.

அறிக்கைப் படிவம்

மலேசியாவில் மருத்துவப் பணியாளர்கள் அறிக்கை அனுப்புவது பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வுக்கு. ஆன்லைனிலும் அனுப்பலாம், ஆஸ்பத்திரியின் மருந்துத் தகவல் ஃபார்மசிஸ்ட் மூலமும் அனுப்பலாம். பாதக விளைவுகளுக்கான ஆலோசனைக் குழு 1987-இல் அமைந்தது. 1990-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புத் திட்டத்தில் மலேசியா சேர்ந்தது. நீங்கள் அனுப்பும் அறிக்கை சுவீடனின் உப்சாலாவில் உள்ள உலகத் தரவுத்தளம் வரை போகும்.

நிரூபணம் தேவையில்லை, சந்தேகமே போதும். அடையாளம் காணக்கூடிய நோயாளி, அறிக்கை அனுப்புபவர், சந்தேக மருந்து, விளைவு என்ற நான்கும் இருந்தால் அறிக்கை செல்லும். "இது தெரிஞ்ச பக்கவிளைவுதானே" என்று விட்டுவிட வேண்டாம். எவ்வளவு அடிக்கடி, யாருக்கு வருகிறது என்பது தெரிந்த விளைவுகளின் அறிக்கைகளிலிருந்துதான் தெரியவரும்.

படிவங்கள் பயனற்றுப் போவது பெரும்பாலும் இந்த இடங்களில்: விளைவு என்ற கட்டத்தில் "தடிப்பு" என்று ஒரே சொல். எங்கே தொடங்கியது, எங்கே பரவியது, கொப்புளம் உண்டா, வாய் கண் எப்படி என்று நாலு வரி எழுதுங்கள். மருந்து நிறுத்திய தேதி காலி. கூடவே சாப்பிட்ட மருந்துகள் காலி, லேகியமும் அதில் அடக்கம். இனம் என்ற கட்டம் காலி. மரபணுச் சங்கதிகள் இருப்பதால் மலேசியாவில் அது வெறும் சம்பிரதாயம் அல்ல. தடுப்பூசி, இன்சுலின், உயிரியல் மருந்து என்றால் வணிகப் பெயரும் பேட்ச் எண்ணும் கட்டாயம் வேண்டும். பெட்டியைக் குப்பையில் போடும் முன் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று போட்டு அனுப்பியிருந்தால், நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில் ஒரு தொடர் அறிக்கை அனுப்பலாம். நோயாளிகள் தாமே அனுப்பப் பொதுமக்களுக்கென்று தனிப் படிவமும் இருக்கிறது.

அலர்ஜி கார்டு

கணினியில் எச்சரிக்கை ஏற்றுவது அந்த ஆஸ்பத்திரிக்குப் போதும். வேலையிடத்துப் பேனல் கிளினிக்குக்கு அது தெரியாது. அதனால் கார்டு எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். மருந்தின் பொதுப்பெயர், என்ன விளைவு, எந்தத் தேதி, எவ்வளவு உறுதி, தவிர்க்க வேண்டிய நெருங்கிய மருந்துகள் எல்லாம் அதில் இருக்கட்டும். பொதுப்பெயர் நோயாளிக்கு விளங்காது. வாயால் சொல்லும்போது வணிகப் பெயரையும் சேருங்கள்: "ஸைலோரிக்னு பேர் இருந்தாலும் இதேதான் ஐயா." பெனிசிலின் ஒவ்வாமை உறுதியானவருக்கு ஆக்மெண்டினுக்குள்ளும் பெனிசிலின் வகை மருந்து இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

சொல்லி முடித்ததும் அவரையே திருப்பிச் சொல்ல வையுங்கள். "கிளினிக்குப் போனா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டு, "மருந்து சூடு ஒத்துக்காதுன்னு சொல்லுவேன்" என்று பதில் வந்தால், மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். கார்டை ஐ.சி.யின் (அடையாள அட்டை) பின்னால் அதே உறையில் வைக்கச் சொல்லுங்கள். மகனோ மகளோ அதை ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளட்டும், பாட்டியின் கைப்பை எப்போதும் வீட்டில்தான் இருக்கும்.